புதுக் காரின் ஆன்-ரோடு விலை: தமிழ்நாட்டில் கார் வாங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கார் வாங்கப் போகும் உறவினர்களும் நண்பர்களும் எனக்கு ஒரு படம் அனுப்புவது வழக்கமாகிவிட்டது. ஷோரூமில் கொடுத்த கொட்டேஷன் தாளைக் கைப்பேசியில் எடுத்த படம். பத்துப் பன்னிரண்டு வரிகள், பாதி சுருக்கெழுத்து, ஓரத்தில் விற்பனையாளர் பேனாவால் கிறுக்கிய தள்ளுபடிக் கணக்கு. கீழே ஒரே கேள்வி: "இதில் எது உண்மையான வரி, எது இவர்களாகச் சேர்த்தது?"

பல ஆண்டுகளாகப் பதில் சொல்லிச் சொல்லி, கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான் என்று தெரிந்துகொண்டேன். அவற்றைக் கேட்டவர்களின் போக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டில் சொந்த உபயோகத்துக்கு வாங்கும் கார்களைப் பற்றியது. டாக்ஸிக்கு விதிகள் வேறு.

விளம்பரத்தில் 8 லட்சம் என்றார்கள். கொட்டேஷனில் 10 லட்சத்தை நெருங்குகிறது. ஏமாற்றுகிறார்களா?

அந்த வித்தியாசம் முழுவதும் ஏமாற்று அல்ல. விளம்பரத்தில் வருவது எக்ஸ்-ஷோரூம் விலை, அதாவது ஷோரூமில் நிற்கும் காரின் விலை. அதைச் சாலையில் ஓட்டுவதற்கு சாலை வரி, பதிவுக் கட்டணம், இன்ஷூரன்ஸ், ஃபாஸ்டேக் எல்லாம் சேர வேண்டும். எல்லாம் சேர்ந்த தொகைதான் ஆன்-ரோடு விலை.

கொட்டேஷனைக் கையில் வாங்கியதும் அதன் ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து எழுதுங்கள். அரசுக்குப் போவதற்கு "அ", இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குப் போவதற்கு "இ", டீலரிடமே தங்குவதற்கு "டீ". "அ" வரிசைகளில் பேரம் இல்லை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ரசீது உண்டு. "இ" வரிசைகளில் உங்களுக்குத் தேர்வு உண்டு. "டீ" வரிசைகளை வேண்டாம் என்றே சொல்லலாம். இந்தப் பக்கம் முழுவதும் இந்த மூன்று எழுத்துகளை வைத்தே பேசுகிறேன்.

எக்ஸ்-ஷோரூம் விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா, தனியாகக் கட்ட வேண்டுமா?

சேர்ந்தே இருக்கிறது. கொட்டேஷனில் எக்ஸ்-ஷோரூம் விலைக்குக் கீழே காருக்கென்று மறுபடியும் ஜிஎஸ்டி வரி இருந்தால் விளக்கம் கேளுங்கள். இன்ஷூரன்ஸ், கூடுதல் வாரண்டி, துணைப்பொருட்கள் ஆகியவற்றுக்குத் தனித்தனியே ஜிஎஸ்டி உண்டு, அது வேறு.

ஜிஎஸ்டி எத்தனை சதவீதம்? எல்லாக் கார்களுக்கும் ஒன்றா?

இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் மூன்று விகிதங்கள்தான். சிறிய கார்களுக்கு 18, மற்றவற்றுக்கு 40, மின்சாரக் கார்களுக்கு 5. அதற்கு முன் 28 சதவீதத்துக்கு மேல் இழப்பீட்டு செஸ் என்று காரின் வகைக்கேற்ப 1 முதல் 22 சதவீதம் வரை தனியாகச் சேர்ந்தது. கார்களுக்கு அந்த செஸ் இப்போது இல்லை. பழைய கட்டுரைகளில் "28 + செஸ்" என்று பார்த்தால் அந்தக் கணக்கை விட்டுவிடுங்கள்.

"சிறிய கார்" என்பதற்கு இரண்டு நிபந்தனைகள், இரண்டும் பொருந்த வேண்டும். நீளம் 4 மீட்டரைத் தாண்டக் கூடாது. இன்ஜின், பெட்ரோல் அல்லது சிஎன்ஜி என்றால் 1200 சிசிக்குள்ளும், டீசல் என்றால் 1500 சிசிக்குள்ளும் இருக்க வேண்டும். நீளம் குறைவாக இருந்தும் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் இருந்தால் 40 சதவீதம்தான். ஒரே பெயருள்ள காரின் இரண்டு இன்ஜின்களுக்கு இடையே விலை எகிறுவதற்கு இது ஒரு காரணம்.

சாலை வரி என் நண்பருக்கு 13 சதவீதம் போட்டார்கள், எனக்கு 18 போட்டிருக்கிறார்கள். ஏன்?

சாலை வரி மாநில அரசின் வரி. தமிழ்நாட்டில் காருக்கு அதை ஆயுட்கால வரியாக ஒரே தடவையில் வாங்கிக்கொள்கிறார்கள். 2023 நவம்பரில் விகிதங்கள் உயர்ந்தன. இப்போது காரின் விலை 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, 20 லட்சத்துக்கு மேல் 20. அதற்கு முன்பு 10 லட்சம் வரை 10, அதற்கு மேல் 15 என்று இரண்டே படிகள். 2023க்கு முன் கார் வாங்கியவர் சொல்லும் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

உங்கள் நண்பரின் கார் 10 லட்சத்துக்குள், உங்களுடையது அதற்கு மேல். அவ்வளவுதான் வேறுபாடு.

10 லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்கு மட்டும்தானே 18 சதவீதம்?

இந்த ஒரு கேள்விக்கான பதில் தெரியாமல் அரை லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கட்டியவர்களை எனக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

வருமான வரியில் படி மாறும்போது, அந்தப் படிக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும் கூடுதல் விகிதம் வரும். சாலை வரி அப்படி இல்லை. படியைத் தாண்டினால் முழு விலைக்கும் புதிய விகிதம். 9,99,000 ரூபாய் காருக்கு 13 சதவீதம், அதாவது 1,29,870 ரூபாய். 10,01,000 ரூபாய் காருக்கு 18 சதவீதம், அதாவது 1,80,180 ரூபாய். காரின் விலையில் வேறுபாடு 2,000 ரூபாய், வரியில் வேறுபாடு 50,310 ரூபாய். இதோடு கீழே சொல்லப்போகும் டிசிஎஸ் 10,010 ரூபாயும் சேரும். 20 லட்சத்திலும் இதே கதைதான். 19,99,000க்கு 3,59,820 ரூபாய், 20,01,000க்கு 4,00,200 ரூபாய்.

அதனால் 10 லட்சத்தை ஒட்டி விலையுள்ள காரைப் பார்க்கிறீர்கள் என்றால், எந்த வேரியன்ட் எல்லைக்கு இந்தப் பக்கம், எது அந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். என் மைத்துனர் உலோகப் பளபளப்பு நிறத்துக்கு ஆசைப்பட்டார். அந்த நிறத்துக்கு எக்ஸ்-ஷோரூம் விலையில் சில ஆயிரம் அதிகம். அந்தச் சில ஆயிரம் காரை 10 லட்சத்துக்கு மேல் தள்ளியது. புக்கிங் தாளில் கையெழுத்துப் போடும் முன் கொட்டேஷனை அனுப்பியதால் தப்பித்தார். வெள்ளைக் கார்தான் வாங்கினார், மிச்சமான பணம் இரண்டு வருட இன்ஷூரன்ஸுக்கு வந்தது. விலை எல்லையை நன்றாகத் தாண்டிவிட்ட காரைத்தான் குடும்பத்துக்குத் தேவை என்று முடிவு செய்துவிட்டீர்களா, பிறகு இதைப் பற்றி வருந்த வேண்டாம். எல்லையை ஒட்டி நிற்பவர்களுக்குத்தான் இந்த எச்சரிக்கை.

ஜிஎஸ்டி சேர்ந்த விலை மீது சாலை வரி என்றால், வரிக்கு மேல் வரி ஆகிறதே?

ஆமாம், ஆகிறது. 8 லட்ச ரூபாய் எக்ஸ்-ஷோரூம் விலையுள்ள சிறிய காரை எடுத்துக்கொள்வோம். அதற்குள் 18 சதவீத ஜிஎஸ்டி 1,22,034 ரூபாய் இருக்கிறது. காரின் அடிப்படை விலை 6,77,966 ரூபாய்தான். சாலை வரி 13 சதவீதம் முழு 8 லட்சத்தின் மீதும் விழுந்து 1,04,000 ரூபாய் ஆகிறது. அதில் ஏறத்தாழ 15,860 ரூபாய், ஜிஎஸ்டி தொகையின் மீது போடப்பட்ட சாலை வரி.

மத்திய வரியும் மாநில வரியும் தனித்தனிச் சட்டங்களில் இருப்பதால் இப்படி நேர்கிறது. இது நியாயமில்லை என்பதே என் எண்ணம். ஆனால் இதற்கு டீலரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அவர் வசூலித்து அரசுக்குக் கட்டுபவர் மட்டுமே.

டிசிஎஸ் என்று 1 சதவீதம் போட்டிருக்கிறார்கள். இது என்ன, திரும்பக் கிடைக்குமா?

கிடைக்கும். கொட்டேஷனில் இருக்கும் "அ" வரிசைகளிலேயே உங்களுக்குத் திரும்பி வரக்கூடியது இது ஒன்றுதான். காரின் விலை 10 லட்சத்தைத் தாண்டினால், விற்பவர் முழு விலையில் 1 சதவீதத்தை வருமான வரித்துறைக்காக வசூலிக்க வேண்டும். 2016 ஜூன் முதல் இருக்கும் விதி. 12 லட்ச ரூபாய் காருக்கு 12,000 ரூபாய்.

இது கூடுதல் வரி அல்ல, உங்கள் வருமான வரிக்கு முன்பணம். டீலர் கட்டியதும் உங்கள் பான் எண்ணில் பிடித்த வரிகளைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் அது தெரியும். ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம், வரி இல்லையென்றால் ரீஃபண்ட் வரும். மாதச் சம்பளக்காரர்கள் அலுவலகத்தில் தெரிவித்து, சம்பளத்தில் பிடிக்கும் டிடிஎஸ் தொகையில் சரிசெய்யவும் முடியும். சில மாதங்கள் கழித்தும் 26ஏஎஸ் அறிக்கையில் தொகை தெரியவில்லை என்றால் டீலரைக் கேளுங்கள். பான் எண்ணில் ஓர் எழுத்து மாறிப்போயிருப்பது அடிக்கடி நடக்கிறது.

காரை என் மனைவி பெயரில் வாங்குகிறேன். அவருக்கு வருமானம் இல்லை. அந்த டிசிஎஸ் என் கணக்கில் வருமா?

பில் யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய பான் எண்ணில்தான் அது வரவு ஆகும். அவர் அந்த ஆண்டுக்கு ரிட்டர்ன் தாக்கல் செய்தால் முழுத் தொகையும் அவர் வங்கிக் கணக்குக்கு ரீஃபண்டாக வரும். வருமானம் இல்லாதவர் ரிட்டர்ன் போடத் தேவையில்லை என்று நினைத்துப் பலர் இந்தப் பணத்தை விட்டுவிடுகிறார்கள். 15,000, 20,000 ரூபாயை அப்படி விடாதீர்கள். பான் எண் தரவில்லை என்றால் 1 சதவீதத்துக்குப் பதில் 5 சதவீதம் பிடிப்பார்கள்.

"ரிஜிஸ்ட்ரேஷன் மற்றும் இதர செலவு" என்று மொத்தமாக ஒரு தொகை இருக்கிறது. உண்மையில் ஆர்டிஓ கட்டணம் எவ்வளவு?

நீங்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி சொந்த உபயோகக் காருக்குப் பதிவுக் கட்டணம் 600 ரூபாய். ஸ்மார்ட் கார்டாக ஆர்சி (பதிவுச் சான்று) தருவதற்கு 200 ரூபாய். கடனில் வாங்கினால், வங்கியின் உரிமையை ஆர்சியில் குறிக்கும் எச்.பி. பதிவுக்கு 1,500 ரூபாய். இவற்றோடு மாநிலத்தின் சேவைக் கட்டணமும் ஒருமுறை கட்டும் சாலைப் பாதுகாப்பு வரியும் சேரும். எல்லாம் கூட்டினாலும் சில ஆயிரங்கள்தான்.

என் முதல் கார் வாங்கியபோது கொட்டேஷனில் இந்த வரிசைக்கு நேரே 14,500 ரூபாய் என்று இருந்தது. சாலை வரி தனி வரிசையாக மேலே இருந்தது, இது வெறும் "பதிவுச் செலவு". டெலிவரிக்குப் பிறகு ரசீதுகளைக் கேட்டேன். மூன்று முறை கேட்ட பிறகு கொடுத்தார்கள். கூட்டிப் பார்த்தால் பாதிகூட வரவில்லை. மீதி எங்கே என்றதற்கு "ஏஜென்ட் செலவு சார், எல்லோருக்கும் அப்படித்தான்" என்று பதில் வந்தது. எல்லோருக்கும் அப்படித்தான் என்பது உண்மையாக இருக்கலாம், அதனால் அது அரசுக் கட்டணம் ஆகிவிடாது. ரசீதைப் பணம் கட்டும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும் என்பதை அன்றுதான் கற்றேன். "அரசு ரசீதில் உள்ள தொகையை மட்டும் தருகிறேன், உங்கள் சேவைக்குத் தனியாக எவ்வளவு என்று எழுதுங்கள்" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அந்தத் தொகை அங்கேயே குறையும்.

ஹேண்ட்லிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ் சார்ஜ் என்பதெல்லாம் கட்டாயமா?

இல்லை. இது முழுக்க "டீ" வரிசை. தொழிற்சாலையிலிருந்து ஷோரூமுக்குக் கார் வந்த செலவு எக்ஸ்-ஷோரூம் விலைக்குள் அடங்கிவிட்டது. கிடங்கிலிருந்து ஷோரூமுக்கு ஓட்டி வருவதற்கு வாங்குபவர் தனியாகப் பணம் தர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க மாட்டேன் என்றால், எதற்காக என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

டெஃப்லான் பூச்சு, "எசென்ஷியல் கிட்", சீட் கவர், நான்காம் ஐந்தாம் ஆண்டு வாரண்டி எல்லாமும் இதே வகைதான். கூடுதல் வாரண்டி மட்டும் சிலருக்கு உண்மையில் பயன்படும், குறிப்பாக ஆட்டோமேட்டிக் கியர் உள்ள காரை நீண்ட நாள் வைத்திருக்கப் போகிறவர்களுக்கு. மற்றவற்றை வெளியே வாங்கலாம்.

இன்ஷூரன்ஸை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்கிறார்கள். கட்டாயமா?

இன்ஷூரன்ஸ் கட்டாயம், ஷோரூமில் எடுப்பது கட்டாயம் அல்ல. மூன்றாம் நபர் காப்பீடு (உங்கள் காரால் பிறருக்கு நேரும் இழப்புக்கானது) இல்லாமல் காரைச் சாலையில் இறக்க மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிப்பதில்லை. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2018 செப்டம்பர் முதல், புதுக் காருக்கு இதை 3 ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். இந்தப் பிரீமியம் எல்லா நிறுவனங்களிலும் ஒன்றுதான். 2022இல் அறிவித்த கட்டணப்படி 1000 சிசி வரை 6,521 ரூபாய், 1000 முதல் 1500 சிசி வரை 10,640 ரூபாய், அதற்கு மேல் 24,596 ரூபாய், இவற்றுக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. இந்த இடத்தில் யாரும் மலிவாகத் தர முடியாது.

விலை மாறுவது சொந்தச் சேதக் காப்பீட்டிலும் அதனோடு வரும் ஜீரோ டிப்ரிசியேஷன் (உதிரிபாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் இழப்பீடு தருவது) போன்ற இணைப்புகளிலும்தான். அதை ஓராண்டுக்கு எடுத்தால் போதும். நீங்களே ஒரு நிறுவனத்தின் இணையதளத்தில் கார் பெயரைக் கொடுத்து விலை கேட்டுப் பாருங்கள். ஷோரூம் தொகையைவிட ஐந்து, பத்து ஆயிரம் குறைவாக வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் ஒப்பிடும்போது ஐடிவி என்னும் காப்பீட்டு மதிப்பும் இணைப்புகளும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். புதுக் காரின் ஐடிவி எக்ஸ்-ஷோரூம் விலையில் 95 சதவீதம். அதைக் குறைத்துக் காட்டிப் பிரீமியத்தைக் குறைத்திருந்தால், கார் திருட்டுப்போகும் நாளில் இழப்பு உங்களுடையது.

"எங்களிடம் எடுத்தால்தான் இங்கே கேஷ்லெஸ் ரிப்பேர்" என்பார்கள். அது அந்த நிறுவனத்துக்கும் அந்தப் பணிமனைக்கும் ஒப்பந்தம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது, பாலிசியை யார் விற்றார் என்பதைப் பொறுத்ததல்ல. நிறுவனத்தின் பட்டியலில் பணிமனையின் பெயரைப் பாருங்கள். இன்னொன்று, வெளியே எடுத்தால் தள்ளுபடியைக் குறைப்போம் என்றும் சில இடங்களில் சொல்வதுண்டு. அப்படியென்றால் கோபப்படாமல் இரண்டு மொத்தத் தொகைகளையும் எழுதி வாங்கி, எது குறைவோ அதை எடுங்கள்.

பழைய காரில் ஐந்து வருடமாக கிளெய்ம் எதுவும் செய்யவில்லை. அந்த போனஸ் புதுக் காருக்கு வருமா?

வரும். நோ கிளெய்ம் போனஸ் காருக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை போகும். பழைய காரை விற்றபின் அந்த இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் சான்று வாங்கிப் புதுப் பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். சொந்தச் சேதப் பகுதிக்கு மட்டுமே இது பொருந்தும். ஷோரூமில் யாரும் தாமாகக் கேட்க மாட்டார்கள், நீங்கள்தான் நினைவூட்ட வேண்டும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. கிளெய்ம் செய்திருந்தும் செய்யவில்லை என்று சொல்லி போனஸ் வாங்கினால், பின்னால் விபத்து நேரும்போது இழப்பீட்டையே மறுக்க இடம் கொடுத்தது போலாகும்.

ஃபாஸ்டேக், நம்பர் பிளேட் இரண்டுக்கும் தனிப் பணமா?

புதுக் காரில் ஃபாஸ்டேக் ஒட்டித் தருவது 2017 டிசம்பர் முதல் கட்டாயம். அதற்கு வாங்கும் சில நூறு ரூபாயில் ஒரு பகுதி வைப்புத்தொகை, ஒரு பகுதி நீங்கள் செலவழிக்கக்கூடிய இருப்பு. உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டை 2019 ஏப்ரல் 1க்குப் பிறகு தயாரான கார்களுக்கு உற்பத்தியாளரே வண்டியோடு தர வேண்டும். அதற்குத் தனித் தொகை போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

டீலர் 40,000 ரூபாய் தள்ளுபடி தருகிறார். வரியும் குறையுமா?

தள்ளுபடியை எங்கே காட்டுகிறார் என்பதைப் பொறுத்தது. விற்பனை பில்லிலேயே விலையிலிருந்து கழித்தால், குறைந்த தொகையின் மீதுதான் ஜிஎஸ்டி வரும். முழு விலைக்குப் பில் போட்டுவிட்டு, பிறகு துணைப்பொருளாகவோ எக்ஸ்சேஞ்ச் போனஸாகவோ தந்தால் வரி முழுத் தொகைக்கு. 10 லட்சத்தை ஒட்டிய கார் என்றால் மேலே சொன்ன படிக் கணக்கை நினைவில் வைத்து, சாலை வரியை எந்த விலையின் மீது கணக்கிடப் போகிறார்கள் என்று பணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள்.

கடனில் வாங்கினால் வேறு என்ன கட்டணங்கள்?

வங்கி வாங்கும் பிராசஸிங் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஒப்பந்தத்துக்கான முத்திரைத்தாள் செலவு, ஆர்டிஓவில் 1,500 ரூபாய் எச்.பி. பதிவு. கடனோடு சேர்த்து ஓர் ஆயுள் காப்பீட்டையும் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அது கட்டாயம் அல்ல, அந்தத் தொகைக்கும் நீங்கள் வட்டி கட்டுவீர்கள்.

கடன் முடிந்ததும் வங்கியிடம் தடையில்லாச் சான்றும் படிவம் 35உம் வாங்கி ஆர்சியில் வங்கியின் பெயரை நீக்குங்கள். இதை மறந்து, காரை விற்கும் நேரத்தில் அலைபவர்கள் ஏராளம்.

மின்சாரக் காருக்கு வரியே இல்லையாமே?

குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. ஜிஎஸ்டி 5 சதவீதம் உண்டு. பதிவுக் கட்டணத்தை மத்திய அரசு 2021 ஆகஸ்டில் நீக்கிவிட்டது. சாலை வரியிலிருந்து தமிழ்நாடு அரசு மின்சார வாகனங்களுக்கு முழு விலக்கு அளித்து வந்திருக்கிறது. அந்த விலக்கு காலவரையறையோடு ஆணை போட்டு நீட்டிக்கப்படுவது, எனவே நீங்கள் பதிவு செய்யும் நாளில் நடப்பில் இருக்கும் ஆணையே செல்லும். ஆண்டு இறுதியில் புக் செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 10 லட்சத்துக்கு மேல் என்றால் டிசிஎஸ் இதற்கும் உண்டு.

மின்சாரக் கார்க் கடன் வட்டிக்கு வருமான வரியில் ஒன்றரை லட்சம் வரை கழிவு உண்டு என்று இன்றும் சில விற்பனையாளர்கள் சொல்கிறார்கள். அது 2023 மார்ச் 31 வரை அனுமதித்த கடன்களுக்கு மட்டும்தான்.

எனக்குத் தொழில் இருக்கிறது, ஜிஎஸ்டி எண்ணும் இருக்கிறது. நிறுவனத்தின் பெயரில் வாங்கினால் ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்குமா?

பெரும்பாலோருக்குக் கிடைக்காது. 13 பேர் வரை அமரும் பயணியர் வாகனங்களுக்கு உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைத் தொழிலின் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வது) எடுக்கச் சட்டம் தடை விதித்திருக்கிறது. கார் விற்பது, பயணிகளை ஏற்றிச் செல்வது, ஓட்டுநர் பயிற்சி தருவது போன்ற தொழில்களுக்கு மட்டும் விலக்கு. தொழிலுக்குப் பயன்படுத்தினால் தேய்மானக் கழிவும் எரிபொருள் செலவும் வருமான வரியில் காட்டலாம், அதில் பயன் உண்டு. உங்கள் கணக்காளரிடம் பேசிவிட்டுப் பெயரை முடிவு செய்யுங்கள், பில் போட்ட பிறகு மாற்றுவது எளிதல்ல.

புதுச்சேரியில் பதிவு செய்தால் லட்சக்கணக்கில் மிச்சமாம். செய்யலாமா?

நீங்கள் உண்மையிலேயே புதுச்சேரியில் குடியிருந்தால் தாராளமாகச் செய்யலாம். வண்டியின் உரிமையாளர் எங்கே வசிக்கிறாரோ அல்லது தொழில் செய்கிறாரோ, வண்டி வழக்கமாக எங்கே நிற்கிறதோ, அங்கேதான் பதிவு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். சென்னையில் குடியிருந்துகொண்டு தெரிந்தவர் வீட்டு முகவரியைக் கொடுப்பது பொய்யான முகவரியில் பதிவு செய்வதாகும். பிடிபட்டால் இங்கே வரி கட்ட வேண்டிவரும், இன்ஷூரன்ஸ் கிளெய்மிலும் சிக்கல் எழும். மிச்சமாகும் பணத்துக்காக இந்தக் கவலையைப் பதினைந்து ஆண்டுகள் சுமக்க வேண்டாம் என்றே கேட்பவர்களிடம் சொல்லிவருகிறேன்.

வேலை மாற்றலில் பெங்களூரு போகிறேன். இங்கே கட்டிய ஆயுட்கால வரி வீணா?

முழுவதும் வீணாகாது. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்கு இங்குள்ள ஆர்டிஓவில் தடையில்லாச் சான்று வாங்கி, அங்கே காரின் வயதுக்கேற்ற வரியைக் கட்ட வேண்டும். அதன் பிறகு இங்கே கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கான பங்கைத் திருப்பிக் கேட்கலாம். அதற்குப் பழைய வரி ரசீதும் புதிய ஆர்சியும் வேண்டும். ரசீதைத் தொலைக்காதீர்கள் என்று நான் ஓயாமல் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஓராண்டுக்குள் திரும்பி வரப்போகிறீர்கள் என்றால், மாற்றல் உத்தரவின் நகலைக் காரில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கார் வாங்கினாலும் இந்த வரி எல்லாம் உண்டா?

மிகக் குறைவு. இதே மாநிலப் பதிவுள்ள காருக்கு ஆயுட்கால வரி முன்பே கட்டியாகிவிட்டது, மறுபடி இல்லை. தனிநபரிடம் நேரடியாக வாங்கினால் ஜிஎஸ்டியும் இல்லை. பழைய கார் வியாபாரியிடம் வாங்கினால், 2025 ஜனவரி முதல் அவர் தம் லாபத் தொகைக்கு மட்டும் 18 சதவீதம் கட்டுகிறார். முழு விலைக்கும் 18 சதவீதம் கேட்டால் தவறு. பெயர் மாற்றத்துக்கு ஆர்டிஓ கட்டணம் 300 ரூபாய், படிவம் 29, 30.

பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். பதினான்கு வயதுக் கார் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால், அடுத்த ஆண்டே தகுதிச் சோதனை, புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய், பசுமை வரி எல்லாம் வரிசையாக வரும். அவற்றையும் விலையில் சேர்த்துப் பாருங்கள்.

எல்லாம் கட்டி, கார் வீட்டுக்கும் வந்துவிட்டது. இப்போதுதான் கூடுதலாக வாங்கியது தெரிகிறது. ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். முதலில் விற்பனை பில், சாலை வரி ரசீது, பதிவுக் கட்டண ரசீது, இன்ஷூரன்ஸ் பாலிசி நான்கையும் கொட்டேஷனுக்குப் பக்கத்தில் வைத்து, கட்டிய மொத்தத் தொகையோடு ஒப்பிடுங்கள். எந்த ரசீதிலும் அடங்காமல் எவ்வளவு நிற்கிறது என்று தெளிவான ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணைக் குறிப்பிட்டு டீலருக்கும் கார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசினால் தடயம் இருக்காது. எனக்குத் தெரிந்த இருவருக்கு இந்த அளவிலேயே பணம் திரும்பி வந்திருக்கிறது.

பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே மனுக் கட்டணம் இல்லை, 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 10 முதல் 20 லட்சம் வரை 400 ரூபாய். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும்.